எட்டு கேமரா, ஒரு பெட்டி: தடுத்தது கொஞ்சம், காட்டிக் கொடுத்தது நிறைய

எங்கள் குடியிருப்பில் கேமரா மாட்டி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. எட்டு கேமரா, எல்லாமே 2 மெகாபிக்சல். ஒரு ரெக்கார்டர், அதற்குள் 2 டெராபைட் டிஸ்க், கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு சின்ன யூபிஎஸ், கைபேசியில் பார்க்க ஒரு செயலி, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பேக்கேஜை யார் விற்றாலும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய இதுதான், விற்பவர் பேசுகிற வசனமும் இதேதான்.

நான் சங்கச் செயலாளர். அதனால் புகார் எல்லாம் என் தலையில்தான் விடியும். அதற்கு முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் திருட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்த கேமராப் பதிவுகளுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலானவற்றில் தெரிவது ஒரு தொப்பி, ஒரு முதுகு, அப்புறம் நிறைய மங்கல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். திருட்டு நடந்த பிறகு யார், எப்போது, எந்த வழியாக என்று கண்டுபிடிக்க இந்தப் பேக்கேஜ் நன்றாகவே உதவுகிறது. ஆனால் நிறுவனம் மாட்டிவிட்டுப் போனபடியே விட்டால் உதவாது, பல விஷயங்களை மாற்ற வேண்டும். திருட்டே நடக்காமல் தடுக்கும் என்று நம்பி வாங்கினால், பார்க்கிங்கைத் தவிர மற்ற இடங்களில் ஏமாற்றம்தான்.

விற்பனைக்கு வந்தவர் கொடுத்த வழவழப்பான தாளில் 'குற்றமில்லா வளாகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சங்கக் கூட்டத்தில் பாதிப்பேர் அதைப் படித்ததுமே மயங்கிவிட்டார்கள். கேமராவால் குற்றம் எவ்வளவு குறைகிறது என்று உலகில் ஆராயாமல் இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி எரிக் பீசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபேரிங்டன், அமாண்டா தாமஸ் ஆகியோர் 2019இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். கேமரா உள்ள இடங்களில், இல்லாத இடங்களோடு ஒப்பிட்டால், குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வாகனம் நிறுத்தும் இடங்களில்தான் பலன் தெளிவாகவும் திரும்பத் திரும்பவும் தெரிந்தது. அடிதடி, தாக்குதல் போன்ற வன்முறைக் குற்றங்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. கோபத்திலோ போதையிலோ கை ஓங்குகிறவன் மேலே நிமிர்ந்து கேமரா இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எதற்கும் துணிந்து வருகிறவனுக்கும் அது பொருட்டில்லை. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது சுற்றிலும் கேமராக்கள் இருக்கத்தான் செய்தன. ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவுகளிலிருந்துதான் சந்தேக நபர்களின் படங்களை எடுத்து, மூன்றே நாளில், 18ஆம் தேதி வெளியிட்டார்கள்.

பார்க்கிங்கில் மட்டும் ஏன் பலிக்கிறது? உள்ளே வர, வெளியே போக ஒன்றிரண்டு வழிதான். திருடுகிறவனுக்கு அங்கே நேரம் வேண்டும்: பூட்டை உடைக்க, பெட்ரோல் குழாயைக் கழற்ற. அவன் எடுப்பது அவனுடைய பொருள் இல்லை என்பதும் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான். முன்பு வண்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சுவதும், மாட்டிவைத்த ஹெல்மெட் காணாமல் போவதும் வாடிக்கை. கேமரா வந்த பிறகு அந்தப் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது. நிறுவனத்தார் இதைத் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அதே மாதத்தில்தான் பார்க்கிங்கில் எரியாமல் கிடந்த விளக்குகளை எல்லாம் மாற்றினோம். இரண்டில் எது திருடனை விரட்டியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விளக்கின் பங்கை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கூடுதல் விளக்குக் கம்பங்கள் வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. விளக்கு விற்கிறவர்களுக்கு வழவழப்பான தாள் அச்சடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, படத்தின் தரத்துக்கு வருகிறேன். பணம் வீணாவதும் பலன் கிடைப்பதும் இங்கேதான் முடிவாகிறது.

மாட்ட வந்த பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் எல்லா கேமராவையும் மூலையில், கூரையை ஒட்டி, அகல லென்ஸோடு வைக்கவே கை துடித்தது. "இங்க வெச்சா மொத்த இடமும் கவர் ஆயிடும் சார்."

"கவர் ஆகும் தம்பி, முகம் தெரியுமா?"

"ஃபுல் எச்டி சார்."

ஃபுல் எச்டி என்றால் படத்தின் அகலத்தில் 1,920 பிக்சல். அதை எவ்வளவு பெரிய இடத்தின் மேல் பரப்புகிறோம் என்பதுதான் கேள்வி. கண்காணிப்பு கேமராக்களுக்கான சர்வதேசத் தரவிதியின் (ஐஇசி 62676-4) 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு அளவு இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் யாரோ இருக்கிறார் என்று தெரியும். 125 இருந்தால் ஏற்கெனவே தெரிந்த ஆள் என்றால் அடையாளம் தெரியும். முன்பின் தெரியாதவனை ஐயத்துக்கு இடமில்லாமல் இன்னார் என்று சொல்ல 250 வேண்டும். 1,920ஐ 250ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழரை மீட்டர் அகலம் சொச்சம். 2.8 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள, அகலமாகப் பார்க்கும் லென்ஸ் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலத்தைத் தாண்டிவிடும். அதற்கு அப்பால் நிற்கிறவன் வெறும் உருவம்தான். 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் எட்டு மீட்டர் வரை முகம் கிடைக்கும், ஆனால் பார்வை குறுகிவிடும்.

அந்தப் பையனிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். கேட்டு வாங்கினோம்: வாசல் கேட்டுக்கு எதிரே 6 மில்லிமீட்டர் லென்ஸ், கூரையில் அல்ல, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதை நேருக்கு நேர் பார்த்துத்தான் வந்தாக வேண்டும். அதற்கு எதிர்வெயில் அடிக்கும் என்பதால் வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி உள்ள மாடலாகக் கேட்டோம்; இல்லாவிட்டால் காலையில் வருகிறவர் எல்லோரும் கறுப்பு நிழலாகத்தான் பதிவாவார்கள். மற்ற ஏழும் 'என்ன நடந்தது' என்று சொல்லும், இந்த ஒன்று 'யார்' என்று சொல்லும். எட்டில் எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அது பயன்பட்ட கதை. மூன்றாம் மாடிப் பையனின் சைக்கிள் ஒருநாள் காணாமல் போனது. காலை எட்டு மணிக்கு இருந்தது, மாலை ஆறுக்கு இல்லை. நடுவில் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. விசாரிக்க வந்த காவலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டு மணியிலிருந்து வேகமாக ஓட்டிப் பார்க்கத் தயாரானார். பத்து மணி நேரப் பதிவு; கண் சொக்கிவிடும். காப்பீட்டு வேலையில் நாங்கள் செய்கிற வழியைச் சொன்னேன். நடுவில் மதியம் ஒரு மணிக்குப் போங்கள். சைக்கிள் நிற்கிறதா? நின்றால் திருட்டு அதற்குப் பிறகு. அடுத்து மூன்றரைக்குப் போங்கள். இல்லையா? அப்படியானால் ஒன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவில். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பத்தே தாவலில் பத்து மணி நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அசையாமல் நிற்கிற பொருள் காணாமல் போனால் மட்டும்தான் இது பலிக்கும், ஆனால் அதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. காவலர் சிரித்துவிட்டார். "இத ஸ்டேஷன்ல எல்லாருக்கும் சொல்லணும் சார்."

பார்க்கிங் கேமராவில் கிடைத்தது ஒரு சட்டை நிறமும் நடையும்தான். அதே சட்டை கேட்டைத் தாண்டும்போது முகம் பளிச்சென்று கிடைத்தது.

ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எதிரே உள்ள ஒரு கடையின் கேமராவிலும் அதே ஆள் சைக்கிளோடு போவது தெரிந்தது, ஆனால் நேரம் இடித்தது. அங்கே அவன் போகும் நேரத்தில் எங்கள் பதிவின்படி அவன் இன்னும் உள்ளேயே வரவில்லை. எங்கள் ரெக்கார்டரின் கடிகாரம் 11 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. மாட்டிய நாளில் கையால் வைத்த நேரம், அதன் பிறகு யாரும் தொடவில்லை. இணையத்திலிருந்து தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி பெட்டியிலேயே இருக்கிறது. நிறுவனம் அதை இயக்கிவிட்டுப் போகவில்லை. இப்படி ஒன்று நடந்தால் அவசரப்பட்டு நேரத்தை மாற்றிவிடாதீர்கள். முதலில் ரெக்கார்டர் திரையையும் கைபேசிக் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தவறு என்பதற்கு அதுதான் சாட்சி. பதிவை எடுக்கும்போதும், திரையைக் கைபேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், பெட்டியிலிருந்து மூல வடிவத்திலேயே பென் டிரைவில் இறக்கி, யார், எப்போது, எந்தக் கேமராவிலிருந்து எடுத்தார் என்று எழுதி வைக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அங்கேதான்.

விசாரணைக்குக் கேமரா எவ்வளவு உதவும் என்பதற்கும் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. மேத்யூ ஆஷ்பி என்ற ஆய்வாளர் பிரிட்டன் ரயில்வே போலீஸ் 2011 முதல் 2015 வரை பதிவு செய்த 2,51,195 குற்றங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் 45 சதவீதத்துக்குத்தான் கேமராப் பதிவு கிடைத்தது. 29 சதவீதத்தில் அது விசாரணைக்குப் பயன்பட்டது. அதாவது பதிவு கையில் கிடைத்துவிட்டால் மூன்றில் இரண்டு வழக்குகளில் அது உதவியிருக்கிறது. பதிவு கிடைப்பதுதான் பெரிய பாடு. கேமராக்கள் நிறைந்த ரயில் நிலையங்களிலேயே இந்த நிலை. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. என் பழைய மேசையில் வந்து விழுந்த கோப்புகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. எப்போது நடந்தது என்று தெரியாத குற்றம், கேமராவுக்கு முதுகைக் காட்டிய குற்றம், அழிந்துபோன பதிவு.

அழிந்துபோவதைப் பற்றி. "முப்பது நாள் ஸ்டோரேஜ்" என்றுதான் விற்றார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். எட்டுக்கு 173 ஜிகாபைட். 2 டெராபைட் டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுத ஆரம்பித்துவிடும். படம் நன்றாக இருக்கட்டும் என்று 4 மெகாபிட் வைத்தால் ஆறு நாள்கூடத் தாங்காது. அவர்கள் சொன்ன முப்பது நாள் என்பது அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையில், யாரும் நடமாடாத வீட்டில். இரண்டாம் மாடி அம்மா இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் குழாய்த் திறப்பான் எல்லாம் கழற்றப்பட்டிருந்தது. பெட்டியைத் திறந்தால், அவர் கிளம்பிய வாரத்தின் பதிவு சுத்தமாக இல்லை. நிறுவனத்திடம் கேட்டதற்கு "அது அப்டித்தான் சார்" என்ற தோரணையில் பதில். 6 டெராபைட் டிஸ்க் மாற்றினோம், கண்காணிப்புப் பதிவுக்கென்றே செய்யப்படும் ரகம். சாதாரண கணினி டிஸ்க் இரவும் பகலும் எழுதிக்கொண்டிருக்கத் தாங்காது. இப்போது ஒரு மாதம் நிற்கிறது.

இரவுப் படம் சுமார். அகச்சிவப்பு விளக்கில் எல்லாம் கறுப்பு வெள்ளை, சட்டை நிறமெல்லாம் பொய். ஆள் மிக நெருங்கினால் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். வண்டி எண்ணைப் படிக்கவே முடியாது, முன்விளக்கு அடித்துவிடும். அதற்குத் தனி கேமரா வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் சிலந்தி. அந்த விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு இழை ஆடினால் போதும், விடிய விடியக் கைபேசியில் 'மனித நடமாட்டம்' என்று அலறும். முதல் வாரத்தில் எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். அடுத்த வாரம் எல்லோரும் ஒலியை நிறுத்திவிட்டார்கள். இப்போது வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியோடு சுற்றி வருகிறார். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இது கிடையாதாம்.

வாட்ச்மேனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிடலாமே என்று கூட்டத்தில் யோசனை வந்தது. மனிதக் கண் அதற்கு லாயக்கில்லை. நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948இலேயே சோதித்து எழுதியிருக்கிறார்: எப்போதாவது வரும் ஒரு சின்ன அசைவுக்காகக் காத்திருக்கும் கண் முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடத் தொடங்குகிறது. ஆள் வைத்துப் பார்ப்பதே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவின் நியூவார்க்கில், கேமராவுக்கென்று தனி ஆளும், அவர் சொன்னதும் கிளம்ப ரோந்து வண்டியும் வைத்தபோது வன்முறைக் குற்றமே குறைந்தது. அங்கே கேமராவின் பின்னால் ஓடிவர ஒரு வண்டி நின்றது. எங்கள் வாட்ச்மேன் வாசலில் நிற்பதே எங்களுக்கு லாபம்.

இனி எனக்குப் பிடிக்காத விஷயம். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் விடாமல் வற்புறுத்தியது. வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தேன். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் சோதித்தபோது பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக வேறொருவர் முகத்தோடு தவறாகப் பொருத்தின. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீசார் 2020இல் அப்படித் தவறாகப் பொருத்தப்பட்ட ஒருவரை வீட்டு வாசலில், குழந்தைகள் கண்ணெதிரே கைது செய்தார்கள். பெரிய காவல்துறைக்கே அந்தக் கதி என்றால் சங்க அறையில் இருக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மென்பொருள் இல்லாமலேயே மனிதர்கள் நன்றாகத் தவறு செய்கிறார்கள். ஒரு பார்சல் வரவில்லை என்று ஒருவர் செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார். டெலிவரிப் பையன் பார்சலோடு உள்ளே போகிறான். அவர் வீட்டு மாடிக்கு ஏறாமலே கொஞ்ச நேரத்தில் வெளியே வருகிறான். பையன் படத்தோடு 'இவன்தான் திருடன்' என்று குழுவில் போட்டுவிட்டார். பார்சல் கீழ்த்தளத்து வீட்டில் பத்திரமாக இருந்தது. பையன் அங்கே கொடுத்துவிட்டு இவரை அழைத்தும் இருக்கிறான், இவர் எடுக்கவில்லை. அந்தக் கீழ்த்தள வாசலுக்குக் கேமரா கிடையாது. அன்றே எல்லோருடைய அணுகலையும் நிறுத்தினேன். இப்போது இருவர் மட்டும் பார்க்கலாம், பார்த்தால் நோட்டில் எழுத வேண்டும். கோபப்பட்டவர்கள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

முதல் மாடி அக்கா ஒருநாள் கதவைத் தட்டி, "தம்பி, அந்தக் கேமரா எங்க பால்கனியத்தான் பாக்குது, துணி காயப்போடவே கூச்சமா இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் திருப்பியிருந்தார்கள். படத்தின் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டு, கேமராவையும் திருப்பினோம். கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படி மாற்றாத கடவுச்சொல் உள்ள கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. திருடனைப் பிடிக்க வாங்கிய பெட்டி திருடனுக்கு வேலை செய்யும்.

சேவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழைத்தால் எடுக்கிறார்கள், இரண்டு மூன்று நாளில் வருகிறார்கள். தாங்களாக வந்து பார்ப்பதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது, வந்ததில்லை. பின்பக்கக் கேமரா ஒன்று வெகுநாள் செத்துக் கிடந்ததை வாட்ச்மேன்தான் கண்டுபிடித்தார். திரையில் ஒரு கட்டம் கறுப்பாக இருந்தது, இரவுப் படம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோமாம்.

மதிப்பெண் கேட்டால், வன்பொருளுக்கு ஐந்தில் நான்கு, மாட்டிய விதத்துக்கு இரண்டு, விற்றபோது சொன்ன வார்த்தைகளுக்கு ஒன்று. வாங்கலாமா என்றால் வாங்கலாம், லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், டிஸ்க் எத்தனை நாள், நேரம் தானாகச் சரியாகுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு. பின்சுவர் ஓரம் ஒன்பதாவது கேமரா வேண்டுமென்று இந்த மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அங்கே இருப்பது எரியாத ஒரு பல்பும் தாழ்ப்பாள் போகாத ஒரு கதவும். எலக்ட்ரீஷியனுக்கும் தச்சருக்கும் சொல்லியிருக்கிறேன்.